சண்டைக்கு உதவுமா விங் சுன்? ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்புரை

விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கே எழுதப்போகும் நிறைகுறைகள் அந்த ஒரு பள்ளிக்கு மட்டும் உரியவை அல்ல; ஹாங்காங்கில் இதைக் கற்பித்த இப் மான் என்ற ஆசிரியரின் வழியில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் வகுப்புகள் பலவற்றிலும் பாடத்திட்டம் ஏறத்தாழ இதே வடிவில்தான் இருக்கிறது. உடல் வளைந்துகொடுப்பதற்காகவும், மனம் ஒருமுகப்படுவதற்காகவும், சீனப் பண்பாட்டின் மீதுள்ள ஈடுபாட்டினாலும் சேருபவர்களுக்கு இந்த மதிப்புரை அதிகம் பயன்படாது. அவர்கள் தாராளமாகச் சேரலாம், மனநிறைவோடு திரும்புவார்கள். ஒருவன் கைநீட்டி அடிக்க வந்தால் இந்தப் பயிற்சி நம்மைக் காப்பாற்றுமா என்ற கேள்வியோடு சேருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு வரவேற்பு மேசையில் கிடைக்கும் பதில் "நிச்சயமாக" என்பது. என்னுடைய பதில் அவ்வளவு சுருக்கமானதல்ல.

முதலில், பள்ளி தரும் கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாவோலின் மடத்துப் பெண் துறவியான இங் முய், கொக்கும் பாம்பும் பொருதக் கண்டு இந்தக் கலையை வகுத்தார் என்றும், கட்டாயத் திருமணத்துக்கு உள்ளாகவிருந்த யிம் விங் சுன் என்ற இளம்பெண்ணுக்கு அதைக் கற்பித்தார் என்றும் அது தொடங்குகிறது. அழகான கதைதான், ஆனால் வரலாற்றுச் சான்று ஏதுமில்லை. ஓரளவு உறுதியாகப் பேசத்தக்க வரலாறு, 19ஆம் நூற்றாண்டில் தென்சீனத்தின் ஃபோஷான் நகரில் மருத்துவராக இருந்த லியுங் ஜானிடம் தொடங்குகிறது. அவருடைய மாணவர் சான் வா சுன். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்தவர் 1893இல் பிறந்த இப் மான். 1949இல் சீனாவில் ஆட்சி மாறிய காலத்தில் ஹாங்காங்குக்குக் குடிபெயர்ந்த அவர், 1950இல் உணவகத் தொழிலாளர் சங்கத்தில் வகுப்பு நடத்தத் தொடங்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலானவை அந்த வகுப்பின் கிளைகளே.

துறவிக் கதையை நான் பொருட்படுத்துவதற்குக் காரணம் உண்டு. பெண் ஒருவர் வகுத்த கலை, ஆகவே இதற்கு வலிமை வேண்டியதில்லை என்பதுதான் இந்தச் சேவையின் முதன்மையான விற்பனை வாசகம். எதிராளியின் எடையும் உயரமும் கணக்கில் வராது என்ற எண்ணம் முதல் நாளே மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. குத்துச்சண்டையிலும் மல்யுத்தத்திலும் எடைப்பிரிவுகள் வைத்திருப்பது ஒப்புக்கு அல்ல என்பதை யாரும் அங்கே எடுத்துச் சொல்வதில்லை.

இனி கலைக்கு வருவோம். விங் சுன்னின் அடிப்படைக் கருத்துகள் உண்மையிலேயே கூர்மையானவை. உடலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, அந்தக் கோட்டை யார் கைப்பற்றுகிறாரோ அவருக்கே சண்டை என்று கருதுகிறது இந்தக் கலை. முழங்கையைக் கீழே தாழ்த்தி, முட்டியை நெட்டாக வைத்து, நெஞ்சின் நடுவிலிருந்து நேராகக் குத்துவது இதன் தலையாய அடி. தோளைச் சுழற்றி வீசும் குத்தைவிட இது வலு குறைந்தது. ஆனால் பயணிக்கும் தொலைவு குறைவென்பதால் முன்னதாகச் சென்று சேர்கிறது, பின்னாலேயே அடுத்த குத்தும் அதற்கடுத்ததும் வந்துவிடுகின்றன. தடுப்பதையும் அடிப்பதையும் இரண்டு வேலைகளாகப் பிரிக்காமல், ஒரு கை தடுக்கும் அதே கணத்தில் மறு கை அடிக்க வேண்டும் என்பது இன்னொரு கொள்கை. கோபத்தில் கையை அகல வீசிக்கொண்டு நெருங்கி வரும் பயிற்சியற்ற ஒருவனுக்கு எதிராக இந்த இரண்டும் நன்றாகவே வேலை செய்யும். மனிதர்கள் கைகலக்கும்போது பெரும்பாலும் முதலில் சட்டையைப் பிடிக்கிறார்கள், தள்ளுகிறார்கள், முகத்துக்கு நேரே விரலை நீட்டுகிறார்கள். அந்த நெருக்கமான தொலைவுக்கென்றே செய்த கருவி இது.

அந்தத் தொலைவில் திறமையைக் கட்டியெழுப்பும் பயிற்சி சி சாவ் எனப்படும் ஒட்டுக்கை. இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து, ஒருவர் கை மேலும் கீழுமாக உருளும்போது மற்றவர் கையும் அதற்கேற்ப உருள வேண்டும். அழுத்தம் எங்கே தளர்கிறதோ அங்கே உடனே அடி புக வேண்டும். அழுத்தம் எங்கே மிகுகிறதோ அங்கே விலகி வழிவிட்டுத் திருப்ப வேண்டும். தொடக்கத்தில் தோள் இறுகி, மூச்சு முட்டி, பத்து நிமிடத்துக்குள் கை கனத்துவிடும். பழகப் பழக ஒரு மாற்றம் தெரியும். எதிரில் இருப்பவர் குத்த நினைத்தவுடன் அவர் முழங்கை மிகச் சிறிதாக அகல்கிறது. அந்த அசைவைக் கண் காணும் முன்பே நம் மணிக்கட்டு உணர்ந்து, உள்ளங்கை தானாகத் திரும்பி, அவர் குத்து நம் காதோரமாகப் போய்விடுகிறது. தொடுவுணர்வுக்கு உடல் காட்டும் எதிர்வினை, கண்ணால் கண்டு காட்டும் எதிர்வினையைவிடச் சற்று விரைவானது என்பதால் இதில் மாயம் ஏதுமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு இதைச் செய்து காட்டும் மூத்த மாணவர்கள் எங்கள் வகுப்பில் இருந்தார்கள், அவர்கள் ஏமாற்றவில்லை. நான் பார்த்த தற்காப்புக் கலைப் பயிற்சிகளில் இவ்வளவு நுட்பமான கையுணர்வைத் தரும் வேறு பயிற்சி, பிடிச்சண்டைக்காரர்கள் பிடிக்காகக் கையோடு கை மல்லுக்கட்டும் பயிற்சி ஒன்றுதான்.

சிக்கலும் இந்த ஒட்டுக்கையில்தான் இருக்கிறது. பயிற்சி தொடங்கும்போதே இருவர் கைகளும் ஒட்டியிருக்கின்றன. ஒட்டுவதற்கு முன்னால் இருக்கும் தொலைவை எப்படிக் கடப்பது, ஒட்டவே விரும்பாத எதிராளியை என்ன செய்வது என்பவை பாடத்திட்டத்தில் பெயரளவுக்கே இருக்கின்றன. வடிவங்கள் எனப்படும் நிலையான அசைவு வரிசைகளில் இரண்டாவதான சும் கியு, பாலம் தேடிச் செல்வதை, அதாவது எதிராளியின் கையைத் தொட்டு இணையும் வழி தேடுவதைப் பற்றியது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் அது தனியாக நின்று செய்யும் வடிவம். தேடிச் செல்லும்போது விலகி ஓடும் எதிராளி அதில் இல்லை. எத்தகைய பூட்டையும் திறக்கத் தெரிந்தவன் அந்த வீட்டின் வாசலுக்குப் போய்ச் சேர முடியாமல் தெருமுனையில் நிற்பது போன்ற நிலை இது.

ஒருமுறை, அமெச்சூர் குத்துச்சண்டையில் ஓரளவு அனுபவமுள்ள ஒருவர் விருந்தினராக எங்கள் வகுப்புக்கு வந்திருந்தார். மாஸ்டரின் இசைவோடு மூத்த மாணவர் ஒருவர் அவரோடு கையுறை அணிந்து ஸ்பாரிங் எனப்படும் பயிற்சிச் சண்டை செய்தார். மூத்தவர் வகுப்பில் கற்றபடியே முன்கை நீட்டி, பின்கையை நெஞ்சருகே காவலாக வைத்து, எடையைப் பின்காலில் தாங்கி நின்றார். எதிரே நின்றவரோ ஓரிடத்தில் நிற்கவில்லை. இடக்கையால் ஜாப் எனப்படும் விரைவான நேர்க்குத்து ஒன்றைக் குத்திவிட்டு, இவர் தடுப்பதற்காகக் கையைக் கொண்டுபோகும் முன்பே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு அரையடி விலகிவிட்டார். ஒட்டுவதற்குக் கையே அங்கில்லை. இவர் அடுத்தடுத்துக் குத்திக்கொண்டே முன்னேறியபோது, தலை நிமிர்ந்து, தாடை திறந்து, நேர்கோட்டில் போனார். வந்தவர் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, வளைத்து வீசிய ஒரு ஹூக் கன்னத்தில் விழுந்தது. பலத்த அடியில்லை, விருந்தினர் பண்போடுதான் நடந்துகொண்டார். இதே காட்சி மறுபடியும் மறுபடியும் நடந்தது. ஒரே ஒருமுறை இருவரும் மோதி, கைகள் பின்னிக்கொண்ட கணத்தில், மூத்தவர் எதிராளியின் முழங்கையைக் கீழே இழுத்து அதே மூச்சில் நெஞ்சில் இரண்டு குத்துகளை இறக்கினார். அது அத்தனை சுத்தமாக இருந்ததால் விருந்தினரே நின்று தலையசைத்தார். கருவி கூர்மையானது என்பதும் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பை உண்டாக்கும் பயிற்சி இல்லை என்பதும் அந்தச் சில நிமிடங்களில் ஒருசேரத் தெரிந்தன.

அதன் பிறகு வகுப்பில் சொல்லப்பட்ட விளக்கம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. கையுறை போட்டால் விங் சுன் நுட்பங்கள் வராது, விளையாட்டு விதிகள் வேறு, உண்மையான சண்டையில் கண்ணையும் தொண்டையையும் தாக்குவோம் என்றார்கள். கையுறை பற்றிய வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பெரிய கையுறை மணிக்கட்டின் உணர்வை மழுங்கடிக்கிறது, விரல்களால் பற்ற முடியாமல் செய்கிறது. கண்ணும் தொண்டையும் பற்றிய வாதம் நிற்காது. மூன்றாவது வடிவமான பியு ஜீயில் விரல்நுனியால் குத்தும் அசைவுகள் இருக்கின்றன என்பது சரி; ஆனால் அசையும் முகத்தில் கன்னம் அளவு பெரிய இலக்கையே தொட முடியாதவர், கண் அளவு சிறிய இலக்கைத் தொட்டுவிடுவார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. தவிர, விதியில்லாத சண்டையில் எதிராளிக்கும் விதி இல்லை என்பதை இந்த வாதத்தைச் சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பொதுவெளியில் நடந்து பதிவான மோதல்களும் இதையேதான் காட்டுகின்றன. ஹாங்காங்கின் ஷெக் கிப் மெய் பகுதியில் நடந்த தீ விபத்தில் வீடிழந்தோருக்கு நிதி திரட்டுவதற்காக 1954 ஜனவரியில் மக்காவில் தாய் சி என்ற சீனக் கலையின் ஆசிரியர் வூ கோங்யியும் வெண்கொக்கு என்ற குங்ஃபூ முறையின் ஆசிரியர் சான் ஹாக் ஃபூவும் மோதினார்கள். இரண்டாம் சுற்றிலேயே போட்டி நிறுத்தப்பட்டு வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அந்தப் படச்சுருளைப் பார்ப்பவர்களுக்கு அதில் தாய் சியும் தெரியாது, வெண்கொக்கும் தெரியாது, இரண்டு பேர் கையை வீசிக்கொள்வதுதான் தெரியும். 1986இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் விங் சுன் ஆசிரியர்களான வில்லியம் சியுங்கும் எமின் போஸ்தெப்பேயும் மோதிக்கொண்டபோது, சில நொடிகளில் இருவரும் தரையில் உருண்டார்கள். ஒரே கலையைப் பல்லாண்டு கற்ற இருவருக்கிடையிலும் ஒட்டுக்கை நிகழவில்லை. 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில், வெவ்வேறு கலைகளைப் பயின்றவர்கள் மோதும் யுஎஃப்சி என்ற போட்டி முதன்முறையாக நடந்தபோது, தன்னைவிட எடை கூடியவர்களையும் பிரேசிலியப் பிடிச்சண்டை வீரர் ஹாய்ஸ் கிரேஸி ஒரே இரவில் அடுத்தடுத்துத் தரையில் வீழ்த்திப் பணியவைத்தார்; நின்றுகொண்டு மட்டுமே சண்டையிடக் கற்ற எல்லாக் கலைகளின் குறையும் அம்பலமானது. 2017 ஏப்ரலில் சீனாவின் செங்டூவில் எம்எம்ஏ எனப்படும் கலப்புத் தற்காப்புக் கலையின் பயிற்சியாளர் ஷு ஷியாவ்தோங்கின் முன் தாய் சி ஆசிரியர் வெய் லெய் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. அடுத்த ஆண்டு அதே ஷுவோடு மோதிய விங் சுன் பயிற்சியாளர் டிங் ஹாவ் பலமுறை கீழே விழுந்தார். போட்டி சமன் என அறிவிக்கப்பட்டாலும், பார்த்தவர்களுக்கு யாருடைய கை ஓங்கியிருந்தது என்பதில் ஐயமில்லை.

இவற்றை வைத்துக் கலையே பொய் என்று சொல்லிவிடுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1950களின் ஹாங்காங்கில் வெவ்வேறு குங்ஃபூ பள்ளிகளின் இளைஞர்கள் மொட்டை மாடிகளில் ரகசியமாகச் சண்டையிட்டுத் தங்கள் கலையைச் சோதித்துக்கொண்டார்கள். விங் சுன்னின் பெயர் பரவியது அந்த மாடிகளில்தான். அவற்றில் பெயர் பெற்றவர் இப் மானின் மாணவரான வோங் ஷுன் லியுங்; அவர் விங் சுன்னுக்கு வருமுன் குத்துச்சண்டை பயின்றவர். அதே காலத்தில் அதே பள்ளியில் பயின்ற புரூஸ் லீ, 1958இல் பள்ளிகளுக்கிடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் வென்றார். ஆக, கையுறை போட்டால் விங் சுன் வராது என்பதற்கு அந்தப் பள்ளியின் மிகப் புகழ்பெற்ற மாணவரே மறுப்பாக நிற்கிறார். 1964இல் ஓக்லாந்தில் வோங் ஜாக் மான் என்ற குங்ஃபூ ஆசிரியரோடு அவர் மோதிய சண்டை எப்படி முடிந்தது என்பது பற்றி இரு தரப்பும் இன்றுவரை வெவ்வேறு விதமாகச் சொல்கின்றன. ஆனால் அதன் பிறகு லீ தன் முறையின் போதாமையை உணர்ந்து பயிற்சியை மாற்றிக்கொண்டதும், 1967இல் அதற்கு ஜீத் குன் தோ எனப் பெயரிட்டதும் எல்லோரும் அறிந்தவை. இவர்கள் கற்ற வடிவங்களும் நாம் இன்று கற்கும் வடிவங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் வாரந்தோறும் சந்தித்த எதிர்க்கும் எதிராளி நமக்குக் கிடைப்பதில்லை. வகுப்பில் நம்மோடு பயில்பவர் நமக்கு ஏற்றவாறு கையை நீட்டி, நாம் தடுக்கும்வரை அதை அப்படியே வைத்திருக்கிறார். ஒரு குத்தை மட்டும் குத்திவிட்டு, நாம் ஐந்து அடி அடிக்கும்வரை சிலையாக நிற்கிறார்.

சீனாவிலேயே இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். பழைய கலைகளிலிருந்து எதிர்ப்புக்கு நடுவிலும் பலித்த குத்து, உதை, வீழ்த்தல்களைத் திரட்டி சண்டா என்ற போட்டிமுறையை உருவாக்கினார்கள். 2019இல் யுஎஃப்சி பட்டம் வென்ற முதல் சீனரான ஜாங் வெய்லி அந்தச் சண்டாவிலிருந்து வந்தவர். அவர் போட்டிகளில் விங் சுன் வடிவங்களைத் தேடினால் கிடைக்காது. ஆனால் இன்றைய எம்எம்ஏ போட்டிகளில் எதிராளியின் முழங்காலுக்கு நேராகச் செலுத்தும் தாழ்ந்த உதையும், முன்கையைத் தட்டி விலக்கி அதே நேரத்தில் குத்துவதும், மணிக்கட்டைப் பற்றி இழுத்து முழங்கையால் அடிப்பதும் அடிக்கடி காணக்கிடைக்கின்றன. இவை மூன்றும் எங்கள் வகுப்பில் முதல் ஆண்டிலேயே கற்றுத்தரப்பட்டவை. நகர்ந்துகொண்டும் தலையை அசைத்துக்கொண்டும் செய்யத்தான் கற்றுத்தரவில்லை.

சேவையின் மற்ற பகுதிகளைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று கைகளும் ஒரு காலும் கொண்ட மரப் பொம்மை, புகைப்படங்களுக்காகவே வைத்திருப்பதாகப் பலர் நினைக்கலாம். உண்மையில் அது பயனுள்ள கருவி. ஃபோஷானில் தரையில் நட்டுவைத்த கட்டையாக இருந்த அது, ஹாங்காங்கின் அடுக்குமாடிகளில் குறுக்குச் சட்டங்களில் தொங்கும் வடிவம் பெற்றது. அதனால் சரியான கோணத்தில் அடித்தால் முழு உடலும் சற்றே பின்வாங்கித் திரும்ப வருகிறது. தவறான கோணத்தில் அடித்தால் கை மட்டும் துளைக்குள் கடகடவென ஆடி, முன்கையில் நீலம் பாய்கிறது. உங்கள் தோரணை சரியா என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும் ஒரே ஆசிரியர் அதுதான் என்பேன். ஆனால் இப் மான் வழியில் 116 அசைவுகள் கொண்ட அந்த வரிசை எங்கள் பள்ளியில் உயர்நிலை மாணவர்களுக்கு மட்டுமே திறக்கப்பட்டது. அதற்கு நான் கல்வி சார்ந்த காரணம் எதையும் காணவில்லை, வணிகக் காரணம்தான் தெரிகிறது. நீண்ட தடியும் இரட்டைக் குறுங்கத்தியும் அதற்கும் மேலே. அவை மரபைக் காக்கும் பாடங்கள். தற்காப்புக் கேள்வியோடு வந்தவர் அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆசிரியரின் அறிவிலோ அக்கறையிலோ எனக்குக் குறையில்லை. ஒவ்வொருவரின் முழங்கைக் கோணத்தையும் தனித்தனியே திருத்துபவர், கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதவர். நிலைத் தேர்வுகள்தான் உறுத்தல். வடிவத்தை எவ்வளவு துல்லியமாகச் செய்கிறோம், ஒட்டுக்கையில் எத்தனை நுட்பங்களைக் காட்டுகிறோம் என்பதற்கு மதிப்பெண் உண்டு. எதிர்த்து அடிக்கும் ஒருவர் முன் சில நிமிடங்கள் நிற்பது எந்த நிலையிலும் தேர்வாக இல்லை. அதனால், மேல்நிலைச் சான்றிதழோடு வெளியே போகும் ஒருவர், வாழ்க்கையில் ஒருமுறைகூட முகத்தில் அடிவாங்காதவராக இருக்க முடியும். முதல் அடி முகத்தில் விழும்போது கண் மூடிக்கொள்வதும் கை தானாக மேலே போவதும் இயல்பு. அந்த இயல்பைப் பழக்கத்தால் மட்டுமே வெல்ல முடியும்; அந்தப் பழக்கம் இங்கே விற்கப்படுவதில்லை.

சேர நினைப்பவர், இலவச அறிமுக வகுப்பில் வடிவங்களைப் பார்த்து மயங்குவதை விடுத்து, வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தைப் பார்க்க வேண்டும். கையுறையும் பல்காப்பும் வெளியே வருகின்றனவா, கை ஒட்ட மறுத்துச் சுற்றிச் சுற்றி வரும் ஒருவரை மாணவர்கள் எதிர்கொள்கிறார்களா, இடுப்பைப் பிடித்துக் கீழே தள்ள வருபவரிடம் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். இம்மூன்றும் நடக்கும் விங் சுன் பள்ளிகளும் இருக்கின்றன. அத்தகைய பள்ளி கிடைத்தால் வேறு யோசனையின்றிச் சேரலாம். "இது அபாயகரமான கலை, ஆகவே ஸ்பாரிங் செய்ய முடியாது" என்ற பதில் வந்தால், அங்கே உடற்பயிற்சிக்காக மட்டும் சேருங்கள்.

தற்காப்பு என்ற ஒரே அளவுகோலில் நான் பயின்ற பள்ளிக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். ஒட்டுக்கைப் பயிற்சியைத் தனியாக மதிப்பிட்டால் அதற்கு மட்டும் நான்கு. குத்துச்சண்டையோ மல்யுத்தமோ முன்பே பயின்றவர்கள், தொலைவைக் கடக்கத் தெரிந்தவர்கள், அந்த நான்கின் முழுப் பயனையும் விரைவில் பெற்றுவிடுவார்கள். புதியவர்கள் வரிசையை மாற்றி, முதலில் ஓராண்டு குத்துச்சண்டை பயின்றுவிட்டுப் பிறகு வரலாம். நான் இப்போது வடிவ வகுப்புகளை விட்டுவிட்டு, வார இறுதியில் நடக்கும் ஒட்டுக்கை வகுப்புக்கு மட்டும் கட்டணம் செலுத்துகிறேன். அப்படித் தனியாகச் சேர அனுமதிப்பதை அந்தப் பள்ளி விளம்பரப்படுத்துவதில்லை, கேட்டால் தருகிறார்கள்.